சொன்ன சொல்லைத் திரும்பிப் பார்த்தல்: வாட்டிலும் கிளினிக்கிலும் பேசுகிறவர்களுக்கு ஒரு மீள்நோக்கு வழிகாட்டி

“நோயாளிக்கு விளக்கப்பட்டது.” கொழும்பில் எந்த வாட்டில் எந்தக் குறிப்பைப் புரட்டினாலும் இந்த வரி கண்ணில் படும், அநேகமாக ஆங்கிலத்தில். என்ன விளக்கினார்கள், எந்த மொழியில், எந்தச் சொல்லில், கேட்டவர் என்ன திருப்பிச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்காது. மருத்துவப் பதிவுக்கு அந்த ஒரு வரி போதும். தன் பேச்சைத் திருத்த நினைக்கிறவருக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இங்கே வேலை செய்யும் வைத்தியரோ தாதியோ மருந்தாளரோ நோயாளியோடு சிங்களத்திலும் தமிழிலும் பேசுகிறார். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுகிறார். பேச்சைப் பற்றி மீள்நோக்கு எழுதச் சொன்னால் அதையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுகிறார். பிழை தப்பி ஓடுவது அந்த இடத்தில்தான். “இவ்வளவு நாளா எங்க போய் இருந்தீங்க?” என்று கேட்டது ஓர் அதட்டல். அதுவே ஆங்கிலக் குறிப்பில் ‘தாமதத்துக்கான காரணம் விசாரிக்கப்பட்டது’ என்று மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொள்கிறது. ஒரு வாரம் கழித்து அதை வாசிப்பவருக்கு, எழுதியவரே ஆனாலும், திருத்த ஒன்றும் தென்படாது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு விதியில் நிற்கிறது: பேசிய மொழியிலேயே, வாயிலிருந்து வந்த அதே சொல்லில் எழுதுங்கள். பேச்சுத் தமிழில் எழுத முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டு வாரத்தில் போய்விடும். சிங்களத்தில் பேசியிருந்து சிங்கள எழுத்து வேகமாக வராவிட்டால், தமிழ் எழுத்தில் ‘கொஹொமத அம்மே’ (எப்படி இருக்கிறீங்க அம்மா) என்று எழுதினாலும் சரிதான்.

எந்த மாதிரியைப் பிடிப்பது

1983இல் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன், தொழில் செய்பவர்களின் சிந்தனையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். வேலையின் நடுவிலேயே சுதாரித்துத் திசை மாற்றுவது ஒன்று. வேலை முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது மற்றது. இரண்டாவதைப் பழகப் பழகத்தான் முதலாவது கைவரும். 1988இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த வட்டத்தில் ஆறு படிகள் உண்டு: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். மதிப்பீட்டுக்காகப் போர்ட்ஃபோலியோ (பயிற்சித் தொகுப்பு) எழுதும் பயிற்சியாளர்களுக்கு இது நன்கு பழக்கம். ஒப்படைக்க வேண்டிய எழுத்துக்கு கிப்ஸ் நல்லது. இரவு டியூட்டி முடிந்து, தலை கனத்துப்போய் பஸ்ஸுக்கு நிற்பவருக்கு ஆறு படி அதிகம். அன்றாடத்துக்கு, டெரி போர்ட்டன் 1970இல் முன்வைத்த மூன்று கேள்விகளே போதும் என்பது எங்கள் கருத்து: என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? கீழே வருவதெல்லாம் இந்த மூன்றையும் உரையாடலுக்கு ஏற்றபடி நீட்டியதுதான்.

தேவையானவை

ஒரு 80 பக்கக் கொப்பி, சட்டைப்பையில் போடக்கூடிய ஒரு சின்னத் துண்டுப் புத்தகம், ஒரு பேனை. போனில் எழுத வேண்டாம். ஏன் என்று கடைசியில் வருகிறது. வாரத்துக்கு இரண்டு பதிவு போதும், ஒன்றுக்கு 15 நிமிடம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். தினமும் எழுதுவேன் என்று தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவார்கள். செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் குறித்துக்கொண்டவர்கள் நிலைத்து எழுதுவார்கள்.

எதைத் தெரிவு செய்வது

பெரிய சண்டை, முறைப்பாடு, மரணம் என்று தேட வேண்டாம். சின்ன இடறல்களே அதிகம் சொல்லித்தரும். நோயாளி திடீரென்று மௌனமான இடம், நீங்கள் ஒரே விளக்கத்தை மூன்றாம் தடவை சொன்ன இடம், “சரி டொக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே போய் தாதியிடம் அதையே மறுபடி கேட்ட இடம், உங்கள் குரல் உயர்ந்த இடம். மருந்தாளராக இருந்தால், குளிசைப் பக்கற்றை வாங்கியவர் கவுன்டரை விட்டு நகராமல் நின்ற இடம். குடும்ப நல உத்தியோகத்தராக இருந்தால், வாசல்வரை வந்த தாய் “உள்ளுக்கு வாங்க” என்று சொல்லாத வீடு.

நான்கு பதிவுக்கு ஒன்றாவது நன்றாகப் போன உரையாடலாக இருக்கட்டும். எந்தச் சொல் பூட்டைத் திறந்தது என்று தெரிந்தால்தான் அதே சாவியை அடுத்த முறையும் எடுக்கலாம். தோல்விகளை மட்டும் எழுதும் கொப்பியைத் திறக்கவே மனம் வராது.

இரண்டு நிமிடம், பிறகு பதினைந்து நிமிடம்

நினைவு பொல்லாதது. வீடு போய்ச் சேர்வதற்குள் நமக்குச் சாதகமாகக் கதையைத் திருப்பி எழுதிவிடும். அதனால் உரையாடல் முடிந்த கையோடு, அடுத்த நோயாளி வருமுன், துண்டுப் புத்தகத்தில் ஐந்தாறு சொற்களைக் கிறுக்கிவிடுங்கள். நோயாளி சொன்ன ஒரு வசனம், நீங்கள் சொன்ன ஒரு வசனம், அவ்வளவும் போதும். வசனம் அப்படியே இருக்க வேண்டும், கருத்தாக மாறக்கூடாது.

அன்றிரவோ, பிந்தினால் 24 மணித்தியாலத்துக்குள்ளோ, கொப்பியில் மூன்று நிரல் கீறிக்கொள்ளுங்கள். முதலாவதில் நோயாளி சொன்னது. இரண்டாவதில் நீங்கள் சொன்னது. மூன்றாவதில் அந்த நேரம் உங்கள் மனதில் ஓடி, வாயால் வராதது. எட்டுப் பத்து வரி உரையாடல் போதும். முழு ஆலோசனையையும் எழுத முயன்றால் களைத்துவிடுவீர்கள். தாதியர் பயிற்சியிலும் சமூகப்பணிப் பயிற்சியிலும் இப்படி உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது பழைய முறை. மூன்றாம் நிரலை வெறுமையாக விடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள், பாதி விடை அங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணம், பயிற்சிக்காகப் புனைந்தது. மெடிக்கல் கிளினிக், ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, பல வருடமாகச் சீனி வருத்தம், வெறும் வயிற்றுச் சீனி 240. இன்சுலின் தொடங்க வேண்டும்.

நோயாளி: “ஊசி வேணாம் டொக்டர். குளிசையக் கூட்டித் தாங்க.”
வைத்தியர்: “குளிசை இனிச் சரிவராது அம்மா. ஊசி போடாட்டி கிட்னி போயிடும்.”
(மனதில்: வெளியில இன்னும் நாப்பது பேர். போன கிளினிக்கிலயும் இதே கதை.)
நோயாளி: “எங்கட அக்காக்கு ஊசி போடத் தொடங்கித்தான் காலை எடுத்தவங்க.”
வைத்தியர்: “அது வேற. நீங்க குளிசை ஒழுங்காக் குடிக்கிறேல்லத்தானே?”
(மனதில்: சாட்டுச் சொல்லுறா.)
நோயாளி: “...குடிக்கிறன்.”
வைத்தியர்: “சரி, யோசிச்சு அடுத்த முறை சொல்லுங்க.”

கிளினிக் புத்தகத்தில் எழுதியது: இன்சுலின் பற்றி விளக்கப்பட்டது, நோயாளி மறுத்தார்.

‘அதனால் என்ன?’ என்ற கேள்வியை இப்போது வரிவரியாகக் கேட்க வேண்டும். பேனையால் மூன்று அடையாளம் இடுங்கள். நோயாளி எதையோ திறந்து காட்டிய வரிக்கு ஒரு வட்டம். கதவு மூடிய உங்கள் வரிக்கு ஒரு கோடு. உங்கள் மூன்றாம் நிரல் உங்கள் வாய்ச்சொல்லைத் தள்ளிவிட்ட இடத்துக்கு ஓர் அம்புக்குறி.

இங்கே வட்டம் விழுவது அக்காவின் காலில். அந்த அம்மா பயப்படுவது ஊசி குத்தும் நோவுக்கு அல்ல. அக்காவின் வழியில் தானும் போய்விடுவேனோ என்பதற்கு. கோடு விழுவது “அது வேற” என்ற இரண்டு சொல்லில். மருத்துவ ரீதியாக அது சரியான பதில்தான். நரம்பு விறைத்து, இரத்த ஓட்டம் குறைந்து, புண்ணில் கிருமி ஏறியதால்தான் கால் போகிறது. அதற்கு இன்சுலின் காரணமில்லை. பல வீடுகளில் இன்சுலின் தொடங்குவதே பிந்தி என்பதால் இரண்டும் அடுத்தடுத்து வந்து ஒன்றால் மற்றது போலத் தெரிகிறது. இந்த விளக்கம் வைத்தியரின் கையிலேயே இருந்தது. “அது வேற” அதை வெளியே வரவிடவில்லை. அம்புக்குறி ‘சாட்டுச் சொல்லுறா’ என்ற எண்ணத்தில் தொடங்கி “குடிக்கிறேல்லத்தானே?” என்ற கேள்வியில் போய்க் குத்துகிறது. அப்படிக் கேட்டால் யாரும் “குடிக்கிறன்” என்றுதான் சொல்வார்கள். அதன்பின் அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கிட்னி பற்றிய மிரட்டலையும் விட்டுவிட முடியாது. ஏற்கெனவே பயந்தவருக்கு இன்னொரு பயத்தைக் கொடுத்தால் முதற்பயம் போகாது, இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

‘இனி என்ன?’ என்பதற்கு ஒரே ஒரு வசனம் எழுதுங்கள். “இனிப் பொறுமையாகப் பேசுவேன்” என்று எழுதினால் கிழித்துப் போடலாம். அது எந்தக் கிளினிக்கிலும் நடக்காது. வாயால் சொல்லக்கூடிய வசனமாக, எப்போது சொல்வது என்ற அடையாளத்தோடு, எத்தனை நாளைக்கு என்ற எல்லையோடு இருக்க வேண்டும். இந்த உதாரணத்துக்கு: “அடுத்த ஐந்து கிளினிக் நாட்களில், யாராவது ஒன்றை ‘வேணாம்’ என்றால், விளக்கம் சொல்லுமுன் ‘என்னத்த நினைச்சுப் பயமாக் கிடக்கு?’ என்று ஒருமுறை கேட்பேன்.” துண்டில் எழுதி, மேசையில் பிரஷர் மெஷினுக்குப் பக்கத்தில் உங்கள் பக்கம் திருப்பி ஒட்டிவிடுங்கள். கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. ஐந்தாம் நாள் கோடுகளை எண்ணுங்கள். ஒரு கோடும் இல்லாவிட்டால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்த வசனம் உங்கள் வாய்க்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வேறு வசனம் எழுதிப் பாருங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும், நியாயமான கேள்விதான். 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் வைத்தியர்கள் சராசரியாக 18 செக்கனில் நோயாளியின் பேச்சை மறித்தார்கள். 1999இல் வந்த இன்னொன்றில் 23 செக்கன். மறிக்காமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று சுவிட்சர்லாந்தில் 335 பேரிடம் அளந்து 2002இல் வெளியிட்டார்கள்: சராசரி 92 செக்கன், 78 வீதமானோர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள். நமது ஓ.பீ.டி.யின் (வெளிநோயாளர் பிரிவின்) நெரிசல் வேறு என்பது உண்மை. ஆனாலும், “அது வேற” என்று மிச்சம் பிடித்த ஒரு நிமிடத்துக்கு அடுத்த மூன்று கிளினிக்கிலும் அதே வாக்குவாதத்தை வட்டியோடு கட்ட வேண்டியிருக்கிறது.

தமிழில் பேசுகிறவர்கள் தங்கள் கொப்பியில் தேட வேண்டியவை

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தொடர்பாடல் கைநூல்கள் சொல்லாத சில பொறிகள் நம் மொழியில் உண்டு.

முதலாவது, ‘தானே’. “சாப்பாட்டுக்கு முன்னுக்குத்தானே குடிக்கிறீங்க?”, “வேற ஒண்டும் இல்லைத்தானே?” கேள்வி போலத் தோன்றினாலும் விடை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒரு பக்கத்தில் எத்தனை ‘தானே’ என்று எண்ணுங்கள். “எப்பிடிக் குடிக்கிறீங்க, காலமையில இருந்து சொல்லுங்க பாப்பம்” என்று மாற்றினால் வேறு கதை வெளிவரும். “வேற ஒண்டும் இல்லைத்தானே?” என்பதை “வேற என்ன சொல்ல இருக்கு?” என்றாக்குங்கள்.

இரண்டாவது, “விளங்குதா?” இதற்குத் தமிழில் ஒரே பதில்தான்: “ஓம்.” விளங்கவில்லை என்று பெரியவரிடம் சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த சமூகம் நாம். பதிலாக, பாரத்தை உங்கள் தோளில் ஏற்றிக் கேளுங்கள்: “நான் சரியாச் சொன்னனோ தெரியேல்ல. வீட்ட போய் மகளுக்கு இத எப்பிடிச் சொல்லுவீங்க?” அவர் சொன்னதை முதல் நிரலில் அப்படியே எழுதுங்கள். உங்கள் விளக்கத்துக்கு அதைவிட நேர்மையான புள்ளி வேறில்லை.

மூன்றாவது, ‘வா’வும் ‘வாங்க’வும். இதைப் பார்க்கத் துணிவு வேண்டும். ஒரு கிளினிக் நாளில் யாருக்கு ‘இருங்க’, யாருக்கு ‘இரு’ வந்தது என்று துண்டுப் புத்தகத்தில் கோடு போடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ‘ஐயா, இருங்க’ என்றும், மட்டக்குளியிலிருந்து வந்த, மூட்டை தூக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கு ‘இங்க வா, இரு’ என்றும் ஒரே வாயிலிருந்து வருகிறதா? மலையகத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பெண்ணுக்கு? கட்டில் நம்பரால் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அதனால்தான் எண்ணாமல் தெரியாது. ‘அம்மா’, ‘ஐயா’, ‘தங்கச்சி’ பெரும்பாலானோருக்குப் பொருந்தும். முஸ்லிம் குடும்பங்களில் ‘உம்மா’, ‘நானா’, ‘ராத்தா’ என்று அவர்கள் வீட்டுச் சொல்லைக் கேட்டால் முகம் மலர்வார்கள். ஆனால் உறவுமுறை தெரியாமல் எடுத்துவிடுவதைவிட “உங்களை எப்பிடிக் கூப்பிட?” என்று கேட்டுவிடலாம்.

நான்காவது, ஒரே சொல்லுக்கு இரண்டு நோய். “களைப்பாக் கிடக்கு” என்று ஒருவர் சொன்னால் அது உடற்சோர்வா, மூச்சு முட்டா? இதயம் பலவீனமானவர் சொல்லும் ‘களைப்பு’ அநேகமாக இரண்டாவது. கொப்பியில் இத்தகைய சொல் வந்தால் நீங்கள் மேற்கொண்டு கேட்டீர்களா, அல்லது உங்கள் அர்த்தத்தை ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

நடுவில் ஒருவர் மொழிபெயர்க்கும்போது

தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர், நடுவில் ஒரு மகளோ சிற்றூழியரோ. கொழும்பில் இது நாளாந்தக் காட்சி. இதை எழுத நான்காவது நிரல் வேண்டும்: நடுவிலிருந்தவர் சொன்னது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் அவரோடு சேர்ந்து எழுதுங்கள்.

தேட வேண்டியது நீளத்தின் வித்தியாசம். நோயாளி ஒரு நிமிடம் பேசி, மொழிபெயர்ப்பு நான்கு சொல்லில் முடிந்தால் ஏதோ விழுந்துவிட்டது. உளைவு, குத்து, எரிவு, இழுவை எல்லாம் ‘ரிதெனவா’ (வலிக்கிறது) என்ற ஒற்றைச் சிங்களச் சொல்லுக்குள் போய்விடும். நெஞ்சில் எரிகிறதா, அமுக்குகிறதா என்பது நோயைக் கணிக்க முக்கியமான துப்பு. உங்கள் கண் யாரைப் பார்த்தது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் மொழிபெயர்ப்பவரைத்தான் பார்த்திருப்பீர்கள். நோயாளியைப் பார்த்துப் பேசி, மூன்று வசனத்துக்கு ஒருமுறை நிறுத்தி மொழிபெயர்க்க விடுவது பழகக்கூடிய காரியம்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தாயின் மாதவிடாய்ப் பெருக்கைப் பன்னிரண்டு வயது மகன் எப்படிச் சொல்வான்? தாய் எப்படி அவனிடம் சொல்வாள்? அப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தப் பதிவின் ‘இனி என்ன’ வாட்டுக்கு உரியது: எந்த ஷிஃப்டில் தமிழ் தெரிந்த ஊழியர் யார் இருக்கிறார் என்ற பட்டியலைத் தாதியர் மேசையில் ஒட்டுங்கள்.

கெட்ட செய்தி சொன்ன பிறகு

இதற்கு ஆறு படி கொண்ட ஒரு முறை 2000ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது: இடத்தை ஒழுங்குபடுத்தல், நோயாளிக்கு என்ன தெரியும் என்று அறிதல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல், சொல்லுதல், உணர்ச்சிக்கு இடம் கொடுத்தல், அடுத்தது என்ன என்று கூறி முடித்தல். மீள்நோக்கில் எதைத் தவறவிட்டோம் என்று தேட இது நல்ல சட்டகம். மூன்றாம் படிதான் நம்மிடையே அதிகம் காணாமல் போகிறது. “அம்மாவுக்குச் சொல்ல வேணாம் டொக்டர், தாங்கமாட்டா” என்று மகன் வாசலிலேயே மறிப்பார். புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவுக்கு அனுப்ப வேண்டிய நோயாளியானால் அந்த ஊரின் பெயரே செய்தியைச் சொல்லிவிடும். கொப்பியில் கேட்க வேண்டியவை: மகனின் பயத்தை நான் கேட்டேனா, அல்லது சட்டம் பேசினேனா? அந்த அம்மாவிடம் “உங்கட வருத்தத்தைப் பற்றி எல்லாம் நீங்களே அறிய விரும்புறீங்களா, இல்ல பிள்ளைகளோட கதைக்கிறதா?” என்று ஒருமுறையாவது கேட்டேனா? செய்தியைச் சொன்னபின் எத்தனை செக்கன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

மரணமோ, அடிதடியோ, கடும் முறைப்பாடோ நடந்த இரவில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அந்த நேரத்தில் கொப்பி காயத்தைக் கிளறும், தெளிவைத் தராது. நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், தூங்குங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து எழுதுங்கள். அதே காட்சி திரும்பத் திரும்ப வந்து தூக்கம் கெட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சுகாதார ஊழியருக்கும் அது உரியதுதான்.

வெளிக்கண்

தம்மைத் தாமே மதிப்பிடுவதில் வைத்தியர்கள் அவ்வளவு திறமையானவர்கள் அல்ல என்பதை 2006இல் வெளியான பரந்த ஆய்வு மீளாய்வு ஒன்று காட்டியது. திறமை குறைந்தவர்களிடமும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களிடமும் இந்தக் குறை கூடுதலாக இருந்தது. ஆகவே தனிக் கொப்பியோடு நின்றால் நம் குருட்டிடத்தையே அழகாக எழுதிக்கொண்டிருப்போம். மாதத்துக்கு ஒருமுறை ஒரு சக ஊழியரை மூலையில் உட்காரவைத்து ஐந்து ஆலோசனைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவர் மதிப்பெண் போடக்கூடாது, எண்ண வேண்டும்: முதல் மறிப்பு எத்தனையாவது செக்கனில், நோயாளி கேட்ட கேள்வி எத்தனை, ‘தானே’ எத்தனை. நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் பெற வேண்டும். வேண்டாம் என்றால் சக ஊழியர் வெளியே போய்விட வேண்டும்.

குழுவாகச் செய்வது இன்னும் பலன் தரும். 1950களில் லண்டனில் மைக்கல் பாலின்ட்டும் ஈனிட் பாலின்ட்டும் பொதுவைத்தியர்களைக் கூட்டி உட்காரவைத்துத் தொடங்கிய குழுக்களே இதன் முன்னோடி. வாட்டு அளவில் நான்கிலிருந்து ஆறு பேர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம். ஒருவர் தன் மூன்று நிரலையும் சத்தமாக வாசிப்பார், 5 நிமிடம். மற்றவர்கள் நடந்தவற்றை மட்டும் கேட்டுத் தெளிவார்கள், 5 நிமிடம். பிறகு வாசித்தவர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வாய் திறக்காமல் கேட்பார், மற்றவர்கள் 20 நிமிடம் “அந்த நோயாளிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?” என்று மட்டும் பேசுவார்கள். 10 நிமிடம் வாசித்தவரின் முறை. கடைசி 5 நிமிடத்தில் ‘இனி என்ன’ என்பதற்கு ஒரு வசனம்.

“நீங்கள் ஏன் இப்படிச் சொல்லவில்லை?” என்று யாராவது தொடங்கினால் நேரம் பார்ப்பவர் உடனே நிறுத்த வேண்டும். அறிவுரை நுழைந்த குழுவில் அடுத்த முறை யாரும் உண்மையை வாசிக்கமாட்டார்கள். கன்சல்டன்ட் கலந்துகொள்வதானால் முதல் பதிவு அவருடையதாக, அதுவும் சறுக்கியதாக இருக்கட்டும். அவர் முன்னுக்கு வராவிட்டால் ஹவுஸ் ஒஃபிசரும் தாதியும் அவர் கேட்க விரும்புவதையே எழுதி வருவார்கள். கென்டீனில் உட்கார வேண்டாம். பக்கத்து மேசையில் நோயாளியின் தம்பி சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எங்கே பிசகும்

மதிப்பீட்டுக்காக எழுதும் போர்ட்ஃபோலியோவையும் இந்தக் கொப்பியையும் ஒன்றாக்குவதுதான் முதற்பிசகு. யாரோ புள்ளி போடுவார்கள் என்றால் கை தானாகவே அழகாக எழுதும். கொப்பியிலிருந்து தேர்ந்து, திருத்தி, போர்ட்ஃபோலியோவுக்குக் கொண்டுபோகலாம். திருப்பிக் கொண்டுவர முடியாது.

பாவமன்னிப்பு இன்னொரு பிசகு. “நான் மோசமான தாதி” என்று முடியும் பக்கத்தில் திருத்த ஒரு வசனமும் இராது. அதன் மறுபுறம் வழக்காடல்: “அவர்தான் கேட்கவில்லை.” இரண்டுக்கும் ஒரே மருந்து, மூன்று நிரலுக்குத் திரும்பி யார் என்ன சொன்னார் என்று மறுபடி வாசிப்பது.

மருந்து மாறியது, அளவு தவறியது, நோயாளிக்குத் தீங்கு நடந்தது என்றால் அதற்கு இந்தக் கொப்பி இடமல்ல. வாட்டுப் பொறுப்பாளருக்கு உடனே அறிவித்து, உரிய முறையில் பதிய வேண்டும். பேச்சைப் பற்றி பிறகு எழுதலாம்.

கொப்பியைக் காப்பது

பெயர், கட்டில் இலக்கம், பீ.எச்.டி. (வாட்டில் நோயாளியின் குறிப்பேடு) இலக்கம், திகதி, வாட்டு, எதுவும் வேண்டாம். வயதை ‘ஐம்பதுகளில்’ என்பது போலப் பத்தாண்டுக்குள் மழுப்புங்கள். அரிய நோயானால் நோயின் பெயரையும் விடுங்கள், அது ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. போனில் எழுதினால் அது தானாகவே மேகக்கணிக்குப் போய்விடலாம், வாட்சப் குழுவுக்கு ஒரு விரல் தூரம்தான். குழுவில் வாசிக்கப் பிரதி எடுத்தால் அன்றே திருப்பி வாங்குங்கள். கொப்பியை வாட்டு லாச்சியில் விடாதீர்கள்.

மூன்று மாதத்தில், வாரத்துக்கு இரண்டு என்றால், 25 பதிவளவு சேரும். ஒரு ஞாயிறு மாலை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் வாசியுங்கள். கோடு விழுந்த வசனங்களை மட்டும் ஒரு புதுத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ‘அது வேற’, ‘பயப்பட ஒண்டும் இல்ல’, ‘சொன்னனே’ போல ஏதோ ஒன்று ஐந்தாறு தடவை வரும். அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த ஒன்றுதான் வேலை. தாளை வைத்துக்கொண்டு பழைய பக்கங்களைக் கிழித்து, துண்டு துண்டாக்கி, தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள்.